சவானாப் பூனை பார்த்த மூலை

என் கணவர் மௌத்தான பிறகு வீட்டில் நானும் அவருடைய பூனையும்தான் மிஞ்சினோம். மகன் கல்யாணம் முடித்து அக்கரைப்பற்றில் பெண் வீட்டில் இருக்கிறான். எனக்கு அந்தப் பூனையைப் பிடிக்காது. அதற்கும் என்னைப் பிடிக்காது.

அது ஊர்ப் பூனை இல்லை. ஆப்பிரிக்கக் காட்டுப்பூனையையும் வீட்டுப் பூனையையும் சேர்த்து உண்டாக்கிய சாதி. சவானா என்று சொல்வார்கள். நீண்ட கால், பெரிய காது, உடம்பெல்லாம் கறுப்புப் புள்ளி. கட்டாரில் அவர் சாரதியாக இருந்த வீட்டில் இந்தச் சாதியை வளர்த்தார்களாம். கார் ஓட்டப் போனவர் கடைசியில் பூனை பார்த்துக்கொண்டிருந்தார். நான் பிள்ளை பெற்றபோது வராத மனுசன், அங்கே பூனை குட்டி போட்டபோது பக்கத்தில் இருந்ததைப் பெருமையாகச் சொல்வார். ஊருக்குத் திரும்பி வந்ததும் கொழும்புக்குப் போய் அதே சாதியில் ஒன்றை வாங்கி வந்தார். அந்த விலைக்குப் பழைய ஓட்டோ ஒன்று வாங்கியிருக்கலாம். அப்போதே சொன்னேன். சிரித்தார்.

அது மலம் கழிக்கும் மண் தட்டைக் கழுவுவது என் வேலை; மற்றதெல்லாம் அவருடையது. கோழி இறைச்சியை அவித்துப் பங்கு பங்காகக் கட்டி ஐஸ்பெட்டியில் வைப்பார். ஒரு டின்னிலிருந்து வெள்ளைத் தூள் எடுத்துக் கலப்பார். பூனை பாய்ந்து ஏற வேண்டும் என்று என் வரவேற்பறைச் சுவரில் பலகை அடித்தார். பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு, கழுத்தில் வார் போட்டுக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போவார். எங்கள் சாய்ந்தமருதுப் பிள்ளைகள் "புலி வருது" என்று பின்னால் ஓடுவார்கள். வேறு யார் தொட்டாலும் கீறும். அதன் மண் தட்டைக் கழுவுகிறவள் என்பதால் என்னை மட்டும் பொறுத்துக்கொண்டது. அதற்கு என்ன கொடுக்க வேண்டும், என்ன கொடுக்கக் கூடாது என்று அவர் எனக்கு ஒரு வார்த்தை சொல்லித் தரவில்லை. தானே என்றைக்கும் இருக்கப்போவதாக நினைத்தார்.

ஒரு காலை தொழுதுவிட்டு வந்து கதிரையில் இருந்தவர் எழும்பவில்லை.

நான் இத்தாவில் இருந்தேன். புருஷனை இழந்தவள் அந்தக் காலம் முடியும்வரை வீட்டை விட்டு வெளிக்கிடுவதில்லை. அவருடைய மூத்த சகோதரி, என் மதினி, துணைக்கு வந்து நின்றார். வந்ததும் என் கணவருடைய மருந்து மாத்திரைகளையெல்லாம் வாரிக் குப்பையில் போட்டார். பூனையின் தூள் டின்னும் அதோடு போனது. அதுவும் மருந்து என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஐஸ்பெட்டியில் இருந்த கோழியும் முடிந்தது.

பிறகு மீன் வந்தது. கரைவலைக்காரர்கள் அவரையும் பூனையையும் கடற்கரையில் தினம் கண்டவர்கள். சூடை மீனும் கீரி மீனும் பை நிறையக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். அவர் வளர்த்த வாயில்லாச் சீவனுக்குக் கொடுத்தால் நன்மை அவருக்குச் சேரும் என்பது அவர்கள் எண்ணம். நல்ல எண்ணம்தான். பூனையும் பச்சை மீனை அப்படித் தின்றது. வேறெதையும் தொடவில்லை.

கொஞ்ச நாளில் அதன் கண் மாறியது. பட்டப்பகலிலும் கண்மணி விரிந்து கறுப்பாகவே இருந்தது. வரவேற்பறை மூலையைப் பார்த்து அசையாமல் நிற்கும். அவருடைய மையித்தைக் கிடத்தியது அந்த மூலையில்தான். நின்ற இடத்திலேயே சுற்றும், மறுபடி அங்கேயே பார்க்கும்.

"காணுது," என்றார் மதினி. "அவர்ர உசிர, ரூஹக் காணுது புள்ள. விரட்டாதீங்க."

பார்க்க வந்த பெண்கள் குரலைத் தாழ்த்தினார்கள். ஒருத்தி யாசீன் ஓதி ஊதிய தண்ணீரை மூலையில் தெளித்தாள். நான் இந்த மாதிரிக் கதைகளை நம்புகிறவள் இல்லை. ஆனால் மதினி குளிக்கப் போன நேரம் பார்த்து நானும் அந்த மூலைக்கு முன்னால் போய் நின்றேன்.

"அங்க நிண்டு என்னத்தப் பாக்கிறீங்க? ஒண்டும் சொல்லாமப் போயிட்டு, இப்ப என்னத்துக்கு வாறீங்க?"

பூனை என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மூலையையே பார்த்தது. அன்றிலிருந்து தினமும் அங்கே போய்ச் சண்டை பிடித்தேன். உயிரோடு இருந்தபோது கேட்க முடியாததையெல்லாம் கேட்டேன்.

பிறகு அதன் தலை தொங்கியது. நாடி நெஞ்சில் முட்டும் அளவுக்குக் கழுத்து மடிந்தது. பலகையில் ஏறப் பாய்ந்து நடுவிலேயே விழுந்தது. ஒரு பகல் விழுந்த இடத்தில் கிடந்து கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. இனித் தாங்காது என்று தெரிந்தது.

என் கணவருடைய தம்பி சாக்கோடு வந்தார், மிருக வைத்தியரிடம் கொண்டுபோக. அந்த நிலையிலும் அது அவர் கையைக் கிழித்துவிட்டு அலுமாரிக்கு அடியில் போய்ப் படுத்தது.

"என்னால ஏலா மச்சி. இது பூனையில்ல, சைத்தான்."

நான் அபாயாவைப் போட்டேன். மதினி கதவை மறித்து நின்றார்.

"எங்க வெளிக்கிடுறீங்க? இத்தாவில, ஒரு பூனைக்காகவா? ஊர் என்ன கதைக்கும்?"

"எனக்கு வருத்தம் வந்தா ஆஸ்பத்திரிக்குப் போகலாம்தானே?"

"நீங்க மனிசர்."

"இத நான்தான் தூக்கேலும் மதினி. ஒரு ஊட்டில ஒரு இத்தாவுக்கு ஒரு மௌத்துப் போதும். வழிய விடுங்க."

விட்டார். பூனையை அவருடைய பழைய சாரத்தில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஓட்டோவில் ஏறினேன். கடை வாசல்களில் நின்றவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

கல்முனையில் வைத்தியர் அதன் கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். கழுத்தைத் தூக்கிப் பார்த்தார்.

"என்ன சாப்பிடுது அம்மா?"

"மீன்."

"அவிச்சதா, பச்சையா?"

"பச்சை. சூடை, கீரி."

"சோறு, இறைச்சி?"

"ஒண்டும் தொடாது."

அவர் விளக்கினார். அந்த மீன்களைப் பச்சையாகத் தின்றால், அவற்றில் உள்ள ஒரு பொருள் உடம்பில் இருக்கும் ஒரு விட்டமினை அழித்துவிடும். ஊர்ப் பூனை சோறும் எலியும் பல்லியும் தின்று சமாளிக்கும். வீட்டுக்குள் இருந்து அதையே தின்னும் பூனை மூளை கெட்டுச் சாகும். குப்பையில் போன டின்னில் இருந்தது அந்த மாதிரிச் சத்துத் தூள்தான் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"அப்ப மூலையப் பாத்துக்கொண்டு நிக்கிறது?"

"கண் விரிஞ்சிட்டுது. அதுக்கு ஒண்டும் தெரிஞ்சிருக்காது."

ஊசி போட்டார். இன்னும் சில தரம் வர வேண்டும், சாப்பிட்டால் பிழைக்கும் என்றார். நான் தலையாட்டினேன். அத்தனை நாள் நான் யாரோடு சண்டை பிடித்தேன் என்று அவரிடம் கேட்க முடியவில்லை.

திரும்பும்போது ஓட்டோ அவரை அடக்கின மையவாடி மதிலோரம் வந்தது. எங்கள் பக்கம் பெண்கள் ஜனாஸா ஊர்வலத்தோடு போவதில்லை. அடக்கின இடத்தை நான் கண்டதில்லை. ஓட்டோக்காரர் அவருடைய சந்தூக்குப் பெட்டியைத் தூக்கியவர்களில் ஒருவர்.

"அந்தா, அதிலதான் ராத்தா," என்றார், கேட்காமலே.

"நிப்பாட்டுங்க."

நான் இறங்கவில்லை. படலைக் கதவுக்கு ஊடாகப் பார்த்தேன். அவர் காட்டிய பக்கம் மணல் மேடாக இரண்டு கபுறுகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. இரண்டும் ஒரே மாதிரி.

"எது?"

அவர் எட்டிப் பார்த்தார். "வலது பக்கத்தது... இல்ல ராத்தா, சரியா சொல்லத் தெரியல்ல. பிறகும் ஒருத்தர அடக்கினாங்க."

மடியில் சாரம் சூடாக இருந்தது. "போங்க," என்றேன். "இதுக்குச் சாப்பாடு குடுக்கணும்."

வீட்டில் மதினி முகம் கொடுக்கவில்லை. நான் கோழியை அவித்து, நிலத்தில் குந்தி, விரலில் வைத்து வாயருகே பிடித்தேன். முதலில் முகர்ந்துவிட்டு விலகியது. பிறகு ஒரு துண்டு எடுத்தது. பிறகு இன்னொன்று. மதினி வந்து எதிரில் இருந்தார். எலும்பிலிருந்து இறைச்சியைப் பிய்த்து என் பக்கம் தள்ளினார். வெகுநேரம் அப்படியே பிய்த்துக்கொண்டிருந்தார்.

"மையவாடிப் பக்கத்தாலயா வந்தீங்க?"

"ஓம்."

"தம்பிட கபுறக் கண்டீங்களா?"

அவரும் பெண்தான். அவரும் கண்டதில்லை.

"கண்டேன்," என்றேன்.

"எப்படி இரிக்கி?"

"மணல்."

தலையை ஆட்டிவிட்டு அடுத்த எலும்பை எடுத்தார்.