பாவுக் கஞ்சி

மேட்டூர் அணை கட்டிக்கொண்டிருந்த வருஷங்களில், எடப்பாடி நெசவுக்காரர் வீட்டு மருமகள் தெய்வானைக்கு மசக்கை வந்தது. சோற்று வாசனையே ஆகவில்லை. பாவு நூலுக்குப் போட மாமனார் புளிக்க வைத்திருந்த கஞ்சிதான் வேண்டியிருந்தது. தினம் ஒரு லோட்டாதான் திருட்டுத்தனமாகக் குடித்தாள். பானை எப்படிப் பாதியானது என்று அவளுக்கே புரியவில்லை. கஞ்சி போதாத நூல் தறியில் அறுந்துகொண்டே இருக்க, லோட்டாவும் கையுமாக அவளைப் பிடித்த மாமனார் வீதிக்கே கேட்கும்படி கத்தினார்.

"நூலுக்கு வெச்சதைக் குடிக்கிறதுக்கு உனக்கு நாக்கு இத்தனை நீளமா?" என்று மாமியார் அங்கம்மாளும் சேர்ந்துகொண்டாள். மகனைப் பதினாறு வயதில் பெற்றவள். குரலில் இன்னும் இளமை குறையவில்லை.

மறுநாள் மத்தியானம் தெய்வானை கொல்லைக்குப் போனபோது, பானையருகே குந்தியிருந்தாள் மாமியார். மோவாயெல்லாம் கஞ்சி.

"எனக்கும் மூணு மாசம் சாமி. உன்ற ஊட்டுக்காரன்கிட்டச் சொல்லிப்போடாத. பெத்த மவன் மொகத்துல எப்படி முழிப்பேன்?"

நேற்று வாங்கிய ஏச்செல்லாம் தெய்வானைக்குத் தொண்டைவரை வந்தது. விழுங்கிவிட்டு உப்புச் சாடியை எடுத்து வந்தாள்.

"ரெண்டு கல்லு போட்டுக் குடிங்க அத்தை, கொமட்டாது. இனி இழை அறுந்தா மாமனைக் கத்த வேண்டாமுன்னு சொல்லுங்க. இதுல அவருக்கும் பங்கிருக்குது."