குப்பையில என்ன இருக்கு, அக்கா?

ஹூப்ளியில் எங்கள் விதை கம்பெனியின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவர் ஈரண்ணா. சம்பளம் அதற்குத்தான், அந்த மனுஷன் செய்யும் வேலையோ கேள்வி கேட்பது. சாயங்காலம் தள்ளுவண்டியில் கிர்மிட் பொரி வாங்கப் போனால், "பொரியை எப்ப நனைக்கறே? வெங்காயத்துக்கு முன்னயா பின்னயா?" என்று வண்டிக்காரனைத் துளைத்தெடுப்பார். வரிசையில் பின்னால் நிற்கிற எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன வருஷம் கம்பெனியின் பழைய மெயில் சர்வரை மூடிவிட்டுப் புதியதற்கு மாறச் சொன்னார்கள். அறுபத்து நான்கு பேருடைய மெயில் பெட்டிகள். மெயில்களை அள்ளிக்கொண்டு போய் அந்தப் பக்கம் வைக்க ஒரு மென்பொருள் இருந்தது.

"பட்டனை அமுக்கினா முடிஞ்சு போச்சு. அதுக்குப் போயி பத்து நாள் கேக்கறியே?" என்றார் மேனேஜர் ஜமகண்டி.

"ஆளுக்கு ஆள் எப்படி வெச்சிருக்காங்கன்னு பாக்காம எப்படி சார் தூக்கறது?"

நாற்காலியை இழுத்துக்கொண்டு ஒவ்வொரு மேஜையாகப் போய் உட்கார்ந்தார். "உங்க மெயிலை நீங்க எப்படிப் படிக்கறீங்க, காட்டுங்க." கிடங்கு ஹனமவ்வா ஆறு வருஷமாக வீட்டுச் சாமான் பட்டியலை அனுப்பாத மெயிலாகவே வைத்திருந்தது அப்போதுதான் தெரிந்தது. ஜோள மாவு, பூண்டு, மாமியார் மாத்திரை! ஈரண்ணா சிரிக்கவில்லை. குறித்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை என் மேஜைக்கு வந்தார். நான் சரக்கு அனுப்பும் பிரிவு. உட்கார விடவில்லை.

"வேலை கிடக்கு. நின்னுக்கிட்டே கேளுங்க."

"பதினாலு வருஷமா இருக்கீங்க சிவலீலா அக்கா. வந்த மெயில் பெட்டியில ஒன்பதுதான் இருக்கு. குப்பைப் பெட்டியில மூவாயிரம். குப்பையில என்ன இருக்கு, அக்கா?"

"குப்பையில குப்பைதான் இருக்கும். வேற என்ன, ஹோளிகையும் நெய்யுமா இருக்கும்?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் மட்டும் நகரவில்லை. "இந்த மென்பொருள் குப்பையைத் தொடாது. இன்னைக்கு ராத்திரி பழைய பெட்டியைப் பூட்டறோம். நாளைக்கு மத்தியானம் டிஸ்க்கையே அழிச்சிடுவாங்க. அதான்."

மஸ்கட்டில் லாரி ஓட்டிய என் அண்ணன் மகாந்தேஷ் வெள்ளிதோறும் ஆபீஸ் முகவரிக்குத்தான் எழுதுவான். என்னிடம் வேறு முகவரி ஏது? ஜமகண்டிக்கோ முதுகுக்குப் பின்னால் வந்து நின்று திரையைப் படிக்கும் வியாதி. அதனால் படித்த உடனே குப்பையில் போட்டுவிடுவேன். குப்பையை யார் கிளறப் போகிறார்கள்? கம்பெனி மெயில்களையும் அதன்மேலேயே கொட்டி மூடிவிடுவேன். நான் வேலைக்குச் சேர்ந்த ஐந்தாம் வருஷம் ஒரு விபத்தில் அண்ணன் போய்விட்டான். அவன் எழுத்து அந்தக் குப்பையில் மட்டும்தான் இருந்தது.

அத்தனை பேர் நடுவில் இதை எப்படிச் சொல்வது? "ஒண்ணும் வேண்டாம், போங்க" என்று சொல்லித் தொலைத்தேன்.

இரவு முழுக்கத் தூக்கமில்லை. சனிக்கிழமை காலை முதல் வேலையாகக் கேட்டுவிட வேண்டும் என்று கிளம்பினால், பஸ் படுத்துக்கொண்டது. ஆபீஸ் போய்ச் சேர மணி ஒன்று. நேரே ஈரண்ணாவின் அறைக்கு ஓடினேன்.

"டிஸ்க்?"

"அழிச்சாச்சு அக்கா. பன்னண்டரைக்கே."

அவர் எழுந்து தன் திரையை என் பக்கம் திருப்பினார். என் புதிய மெயில் பெட்டி. அதில் 'வெள்ளி' என்று ஒரு தனிக் கோப்புறை.

"நீங்க வேண்டாம்னு சொன்ன வேகம் சரியாப் படல. நேத்தே குப்பையையும் கையால எடுத்துட்டேன். ஒரே பேர்ல வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வந்தது இருநூத்திப் பதினொண்ணு. புதுசுல குப்பை முப்பது நாள்ல தானா அழிஞ்சிடும். அதான் தனியா வெச்சேன்."

எனக்கு நன்றி வரவில்லை, கோபம்தான் வந்தது. "திறந்து படிச்சீங்களா?"

"பேரும் தேதியும்தான் பாத்தேன். கடைசி ஒண்ணு மட்டும் நீங்க திறக்காம இருந்துச்சு. அதை அப்படியே படிக்காததா வெச்சிருக்கேன்."

அது அங்கே தடித்த எழுத்தில் நின்றது. அண்ணன் போன செய்தி வந்து இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு என் கண்ணில் பட்டு, திறக்காமலே குப்பையில் தள்ளிய மெயில். அதைத் திறக்க எனக்கு ஒன்பது வருஷமாகத் தைரியம் இல்லை.

ஈரண்ணா ஏன் என்று கேட்கவில்லை. பொரியைக்கூட விடாத அந்த மனுஷன், சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு வெளியே கிளம்பினார்.

"எங்க போறீங்க?" என்றேன். "நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காருங்க. நான் எப்படிப் படிக்கறேன்னு பாக்கத்தானே நேத்து வந்தீங்க?"