டீச்சர் ஒத்துக்கொள்ளாத முடிவு

போன வருடம் மழை பிடித்துக்கொண்ட சமயம், திருவனந்தபுரத்தில் நடந்தது இது. நான் இங்கே ஒரு தனியார் பள்ளியில் பிளஸ் டூவுக்கு பிசிக்ஸ் எடுக்கிறேன். வீடு கரமனை அக்ரகாரத்தில். நாற்பத்திரண்டு வயதில் ஒருத்திக்கு விண்வெளி சீரியல் பைத்தியம் பிடிக்குமா என்று கேட்காதீர்கள், எனக்குப் பிடித்தது.

வாரம் ஒரு எபிசோட் வரும் தொடர் அது. பூமிக்குத் திரும்ப வழி தெரியாமல் அலையும் ஒரு கப்பல், அதில் ஒன்பது பேர். தமிழிலும் டப்பிங் வந்ததால், இந்த ஊர்த் தமிழர்கள் முப்பது நாற்பது பேர் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தோம். அட்மின் நான். சட்டங்களும் என்னுடையவைதான். ஞாயிறு மாலை ஆறு மணி வரை புது எபிசோடைப் பற்றி யாரும் மூச்சு விடக் கூடாது. முடிவு லீக் ஆகியிருக்கிறதா என்று மூன்று முறை கேட்டால் குழுவை விட்டு நீக்கம். வாய்ஸ் மெசேஜ் அறவே கூடாது, எதுவானாலும் டைப் செய்ய வேண்டும். "ஒரு நாடகம் பாக்கறதுக்கு இத்தனை சட்டமா நோக்கு?" என்று என் கணவர் கேட்பார். நான் காதில் போட்டுக்கொண்டதில்லை.

குழுவில் ஓயாத சண்டை ஒன்று இருந்தது. கப்பலின் மெக்கானிக்கான பெண்ணை, இரண்டாவது சீசன் முடிவில் ஒரு தூரத்து நிலவில் தனியாக விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அவள் உயிரோடு இருக்கிறாளா, இல்லையா? நான் செத்துவிட்டாள் கட்சி. காற்று எத்தனை நாளைக்கு வரும், பேட்டரி எத்தனை நாள் தாங்கும் என்று நோட்டில் கணக்குப் போட்டு, அதை போட்டோ எடுத்துக் குழுவில் போடுவேன். பரீட்சைக்குக் கேள்வித்தாள் தயாரிப்பதைவிட அதிகச் சிரத்தையோடு செய்வேன்.

எதிர்க்கட்சியில் ஒருவர் விடாக்கண்டராக இருந்தார். தென்காசிப் பக்கத்து இளைஞர், பழவங்காடியில் ஒரு பேக் கடையில் வேலை. மாதம் ஒருமுறை அங்கே ஒரு டீக்கடை மாடியில் நாங்கள் கூடுவோம். அதற்கு ஒரே ஒரு தடவை வந்து, வாயே திறக்காமல் டீ குடித்துவிட்டுப் போனவர். ஆனால் குழுவில் மட்டும் விடமாட்டார். அவர் வாதங்களில் விஞ்ஞானம் மருந்துக்கும் இருக்காது. ரிப்பேர் வேலை தெரிந்தவள் கையைக் கட்டிக்கொண்டு சாவாளா என்பார். அழுது முடித்ததும் எழுந்து வேலையைப் பார்ப்பாள் என்பார். எட்டாம் கிளாஸ் பாடப்புத்தகத்தை ஒருமுறை புரட்டிவிட்டு வாருங்கள் என்று நான் பதில் போடுவேன். நாலைந்து பேர் சிரிப்புப் பொம்மை போடுவார்கள். எனக்கு அது பிடித்திருந்தது என்பதை மறைக்கப் போவதில்லை.

கடைசி எபிசோடுக்கு மூன்று வாரம் இருக்கும்போது அவர், முடிவு யாருக்காவது தெரியுமா, அவசரம் என்று கேட்டார். எச்சரித்தேன். மறுநாளும் கேட்டார். அப்படி என்ன ரயிலா போகிறது என்று கேலி செய்தேன். மூன்றாவது முறை கேட்டதும், பொறுமை இல்லாதவர்களுக்கு இங்கே இடமில்லை என்று ஒரு வரி போட்டுவிட்டு அவரை நீக்கினேன்.

அன்று சாயங்காலமே என் எண்ணுக்குத் தனியாக ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். நாலு நிமிடம். திறந்தேன். "டீச்சர், கோவப்படாதீங்க, நான் லீக் கேக்க வரல" என்று ஆரம்பித்தது. திரும்பச் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சப் போகிறார் என்று நினைத்து அத்தோடு நிறுத்திவிட்டேன். மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். அடுத்த நாட்களில் இரண்டு மூன்று முறை அது கண்ணில் பட்டது. அப்புறம் கேட்கலாம் என்று தள்ளிவிட்டேன்.

கடைசி எபிசோடில் கப்பல் அந்த நிலவுக்குத் திரும்பிப் போனது. ரிப்பேர் பாதியில் நின்றுபோன ஒரு இயந்திரத்தின் பக்கத்தில் அவள் இறந்து கிடந்தாள். நான் சொன்னதுதான் சரி. அதற்கு அடுத்த வாரம், ஞாயிறு மத்தியானம் டீக்கடை மாடியில் எனக்குத் தலைகால் புரியவில்லை. எல்லோரும் என் கணக்கைப் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். அப்போதுதான் அவர் நனைந்த குடையோடு மாடிப்படி ஏறி வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்து, சொல்ல வேண்டிய பதிலை மனசுக்குள் தயார் செய்துகொண்டேன்.

அவர் என் எதிரே உட்கார்ந்தார். "டீச்சர், அந்த வாய்ஸ் கேட்டீங்களா?"

"முழுசா கேக்கலை" என்றேன்.

அவர் முகத்தில் கோபம் வரவில்லை. மெதுவாகச் சொன்னார். அவருக்கு ஒரே தங்கை, இருபது வயது. வைத்தியத்துக்காக ஊரிலிருந்து இங்கே கூட்டி வந்து ஒரு வருடமாகத் தன்னோடு வைத்திருந்தார். படுக்கையில் இருந்தவளுக்கு இந்த சீரியல்தான் எல்லாம். "நான் குரூப்ல போட்டதெல்லாம் அவ சொல்லச் சொல்லப் போட்டது டீச்சர். எனக்கு அந்தக் கத பாதி புரியவே செய்யாது. நீங்க எட்டாங்கிளாஸ் புக்கப் பாக்கச் சொன்னீங்கள்லா, அன்னைக்கு அப்படிச் சிரிச்சா."

இனி வாரக்கணக்குதான் என்று டாக்டர் சொன்ன பிறகு, முடிவு மட்டும் தெரிந்தால் போதும் என்று அவள் கேட்டிருக்கிறாள். லீக் கிடைக்கவில்லை. அதனால் அவரே ஒரு முடிவைக் கட்டிச் சொன்னார். மெக்கானிக் பெண் பழைய கருவியைச் சரிசெய்து சிக்னல் அனுப்புகிறாள். அந்த வழியாகப் போகிற சரக்குக் கப்பல் அதைக் கேட்டு அவளை ஏற்றிக்கொள்கிறது. அவள் வீடு போய்ச் சேர்கிறாள்.

"அவ நம்பல. டீச்சர் ஒத்துக்கிட்டா நம்புதேன்னா. நடக்கும்னு ஒரு வார்த்த போடுங்கன்னு கேட்டுத்தான் அந்த வாய்ஸ் அனுப்புனேன். உடனே நீல டிக் விழுந்துட்டு. பதில் வரல. அவ பறஞ்சா, 'டீச்சர் கேட்டுட்டாங்க, கணக்குப் போட்டுக்கிட்டு இருக்காங்க, தொந்தரவு பண்ணாத'ன்னு. பத்து நாள் காத்திருந்தா. அதுக்கப்புறம் முடியல டீச்சர்."

மன்னிச்சிடுங்கோ என்றேன்.

"சாரமில்ல டீச்சர்" என்றார். பரவாயில்லை என்பதை இந்த ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். "நான் குத்தம் சொல்ல வரல. எனக்கு ஒரு காரியம் தெரியணும். நான் அவகிட்ட சொன்னது நடக்கக்கூடியதுதானா? இல்ல, சாகப்போறவள ஏமாத்திட்டனா?"

நடக்காது. அந்தக் கருவியின் சிக்னல் அத்தனை தூரம் எட்டவே எட்டாது. எட்டாது என்று நானே இரண்டு பக்கம் எழுதிக் குழுவில் போட்டிருந்தேன். அவரும் அதைப் படித்திருப்பார்.

"நடக்கலாம்" என்றேன். "நிச்சயமா நடக்கலாம்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். நம்பினாரா, எனக்காக ஆட்டினாரா என்று தெரியவில்லை. கடைக்கு நேரமாகிவிட்டது என்று குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். நான் அந்தக் குழுவை விட்டே விலகிவிட்டேன். ஆனால் விலகியதால் எதுவும் ஆறிவிடவில்லை. நடக்கும் என்ற ஒரு சொல்லைச் சொல்ல எனக்கு அரை நிமிடம் போதும், அதைக் கேட்க வேண்டியவள் போன பிறகுதான் சொன்னேன்.

முகம் தெரியாத ஒரு பெண் பத்து நாள், எனக்கு அவள்மேல் அக்கறை இருக்கிறது, அவளுக்காக உட்கார்ந்து கணக்குப் போடுகிறேன் என்று நம்பிக்கொண்டே போய்ச் சேர்ந்தாள்; அவள் நினைத்த அந்த டீச்சராக நான் இல்லாமல் போனேனே என்பதுதான் இன்றைக்கும் என்னால் தாங்க முடியாமல் இருக்கிறது.