பூவைப் புரட்டிப் பார்க்கிறவள்

என் மனைவி நஸ்லியா வந்த நாளிலிருந்து எங்கள் தெருக்காரர்களுக்கு ஒரு சந்தேகம். எல்லோரும் பூவை மேலிருந்து பார்ப்பார்கள். இவள் குந்தியிருந்து, காம்பைப் பிடித்துக் குப்புறப் புரட்டி, அடியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பாள். இங்கிலாந்தின் வடக்கே ஒரு சின்ன ஊரில், முக்காட்டோடு ஒருத்தி அடுத்தவர் வேலியோரம் குந்தியிருந்தால் யாருக்குத்தான் கேள்வி வராது? பக்கத்து வீட்டு ஐரீன் ஒருநாள் வெளியே வந்து, "ஏதும் தொலைந்துவிட்டதா?" என்று கேட்டார். நஸ்லியா தாவரவியலைத் தமிழில் படித்துத் தமிழிலேயே கற்பித்த ரீச்சர். புல்லி, அல்லி, கேசரம், சூலகம் என்று பூவின் பாகங்களையெல்லாம் தூக்கத்திலும் சொல்வாள். ஆங்கிலத்தில் ஒன்றும் வாயில் வரவில்லை. "ஸ்மோல்," என்று விரல் நுனியைக் காட்டினாள். ஐரீன், பாவம், தோடு விழுந்துவிட்டதாக நினைத்து முழங்காலில் இறங்கிப் புல்லைத் துழாவத் தொடங்கிவிட்டார்.

இலங்கையில், எங்கள் கல்முனைப் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். வீடும் வளவும் அவளுடையவை. நானும் அப்படிப் பெட்டியோடு சாய்ந்தமருதுக்குப் போனவன்தான். போன முதல் கிழமை, வாசலில் நின்ற மரத்தைக் காட்டி என்னவென்று கேட்டாள். "வேம்பு," என்றேன், பெருமையாக.

"பேர விடுங்க மச்சான். இலையச் சொல்லுங்க."

"பச்சை."

பக்கத்து வீட்டிலிருந்த அவள் உம்மா, என் மாமிக்கும் கேட்கும்படி சிரித்தாள். இத்தனை காலமும் நான் இலைகள் என்று நினைத்திருந்தவை ஒரே இலையின் சீறிலைகளாம். பேரைச் சொன்னதும் பார்ப்பதை நிறுத்திவிடுகிறோம் என்பது அவள் கட்சி. எனக்கு அவள்மேல் ஆசை வந்தது அன்றைக்குத்தான்.

இங்கே எல்லாம் தலைகீழ். அவள் என் வீட்டுக்கு வந்திருக்கிறாள், அதுவும் வாடகை வீடு. "வந்து பாக்கிறன். மனம் ஒட்டினா இரிப்பன்," என்று திரும்பிப் போகும் டிக்கெட்டோடுதான் வந்தாள். பின்வளவில் ஒரு மிளகாய்க் கன்றுகூட வைக்கவில்லை. கேட்டால், "இது என்ட வளவா?" என்பாள். கோபமெல்லாம் இல்லை, சும்மா கேட்பாள். எனக்குத்தான் சுருக்கென்றிருக்கும். போய்விடுவாளோ என்ற பயத்தில் குளிர்காலம் முழுக்க நான் மிகவும் நல்ல பிள்ளையாக நடந்துகொண்டேன்.

அந்தக் குளிரில்தான் ஐரீன் ஒரு சாடியைக் கொண்டுவந்தார். தொலைந்த தோட்டுக்கு ஆறுதலாக. அதில் ஒரு குச்சி மட்டும் நின்றது. காலமான கணவர் நட்டதாம். பேர் எழுதிய அட்டை மழையில் அழிந்துவிட்டதால் என்ன மரமென்று அவருக்கே தெரியாதாம். இலையுமில்லை, பூவுமில்லை. நஸ்லியாவால் பொறுக்க முடியவில்லை. விடிந்ததும் என் கோட்டை மாட்டிக்கொண்டு போய்ப் பார்ப்பாள். டிக்கெட் நாள் நெருங்கியபோது குச்சி துளிர்த்தது. அடுப்படிக்குள் ஓடிவந்தாள்.

"தனியிலை. ஒண்டு விட்டு ஒண்டு. விளிம்பு வாட்பல் மாதிரி. பூப் பாக்காம எப்படிப் போற? தேதிய மாத்துங்க."

தேநீரை வைத்துவிட்டு உடனே மாற்றினேன்.

நேற்றுப் பூத்தது. சாய்ந்தமருதுக்கு வீடியோவில் அழைத்தாள். அங்கே மாமி, நஸ்லியாவின் வளவைக் கூட்டிக்கொண்டிருந்தார். இவள் பூவைப் புரட்டிக் காட்டினாள்.

"அஞ்சு புல்லி, அஞ்சு அல்லி. கேசரம் எண்ண ஏலா. சூலகம் கீழ இரிக்கி. ரோசாக் குடும்பம் உம்மா."

"அது கிடக்கட்டும்," என்றார் மாமி. "நீ எப்ப மகள் வாறாய்? எத்தின நாளைக்கு ஒன்ட வளவ நான் கூட்டுற?"

நஸ்லியாவின் ஒரு கை பூக்காம்பைப் பிடித்திருந்தது. மறு கையிலிருந்த போனில், திரை நிறைய, விளக்குமாற்றுக் கோடு விழுந்த அவளுடைய வளவு மணல். அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காய் வரட்டும் உம்மா," என்றாள் தோளில் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "காயப் பாக்காம என்ன மரமெண்டு எப்படிச் சொல்ற?"