மூன்றை அழுத்தினால் தலையங்கம்

முதலில் அதை பேப்பரில் ஒட்டியிருந்த முடி என்றுதான் நினைத்தேன். ஊதினேன், போகவில்லை. விரலால் தள்ளினேன், போகவில்லை. பக்கத்தைப் புரட்டினால் அடுத்த பக்கத்திலும் அதே இடத்தில் அதே முடி. எதிரே டீ குடித்துக்கொண்டிருந்த டில்லிபாபுவிடம் பேப்பரை நீட்டினேன்.

"இதுல முடி இன்னா கீது? சுத்தமா கீது மாமு. நீ ராத்திரி தூங்குனியா?" என்றான்.

அந்த முடி பேப்பரில் இல்லை, என் வலது கண்ணுக்குள் இருந்தது. அது ரத்தம் என்பதை நான் தெரிந்துகொள்ள ஐந்து வாரம் ஆனது. அந்த ஐந்து வாரமும் நான் செய்தது, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டதுதான்.

நானும் டில்லியும் எண்ணூரில் ஒரே தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவர்கள். வார்ப்புப் பாகங்களில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்து ஒதுக்குவது எங்கள் வேலை. கண்ணால் சாப்பிட்ட சோறு. அவன் காத்திவாக்கத்தில் கடலுக்குப் போகும் குடும்பத்துப் பிள்ளை. நான் திருவொற்றியூர். ஷிஃப்டுக்கு முன்னால் எங்கள் தெருமுனை சலீம் பாய் கடையில் இரண்டு டீ, ஒரு பேப்பர். பேப்பரை நான் படிப்பேன், அவன் கருத்துச் சொல்வான்.

கண் மருத்துவமனையில் டாக்டரம்மா கேட்டது இரண்டே கேள்வி.

"சர்க்கரை எத்தனை வருஷமா இருக்கு?"

"பன்னெண்டு வருஷமா, மேடம்."

"கண்ணுக்கு மருந்து ஊத்தி விழித்திரையைக் கடைசியா எப்பப் பாத்தாங்க?"

பார்த்ததே இல்லை. கண்ணாடிக் கடையில் எழுத்து படிக்கச் சொல்வார்கள், படிப்பேன், அவ்வளவுதான். எனக்கு வந்தது டயபெடிக் ரெட்டினோபதி (சர்க்கரையால் விழித்திரையின் நுண்ணிய ரத்தக்குழாய்கள் கெட்டுப்போவது). வலியே இருக்காது. வலித்தால் ஓடியிருப்பேன். இதைப் படிப்பவர்களில் சர்க்கரை உள்ளவர் இருந்தால், அல்லது இதை யாரோ படித்துக்காட்டக் கேட்பவர் இருந்தால், ஒன்றே ஒன்று சொல்கிறேன். நன்றாகத் தெரிகிறது என்பதற்காகக் கண் நன்றாக இருக்கிறது என்று நினைக்காதீர்கள். வருடம் ஒருமுறை மருந்து ஊற்றிப் பாருங்கள், அரைநாள் வேலைதான். நான் அந்த அரைநாளை மிச்சம் பிடித்தவன்.

வலது கண் போய்விட்டது. லேசர், ஊசி என்று எல்லாம் பார்த்தும் நிற்கவில்லை. இடது கண்ணிலும் கசிவு தொடங்கியபோது எழுத்துகள் கரைந்துவிட்டன. தலைப்பு மட்டும் கறுப்புப் பட்டையாகத் தெரியும். வேலையை நானே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். விரிசல் உள்ள ஒரு பாகத்தை நல்லது என்று தள்ளிவிட்ட பிறகு அங்கே நிற்க எனக்கு மனசு வரவில்லை.

டில்லி அதற்கு முந்தைய வருடமே ஓய்வு பெற்றிருந்தான். தினமும் காலையில் பஸ் பிடித்து என் வீட்டுக்கு வந்து பேப்பர் படித்துக்காட்ட ஆரம்பித்தான். மூன்று மாதம் வந்தான். நான் கேட்கவில்லை, அவனாகத்தான் வந்தான்.

அவன் படித்த லட்சணத்தைச் சொல்ல வேண்டும். எடுத்ததும் கடைசிக்கு முந்தின பக்கம், இரங்கல் விளம்பரங்கள். "நம்ம ஆளு யாருனா கீறானா பாப்போம்" என்பான். பிறகு போலீஸ் செய்தி. "புழல் ஏரியாண்ட ஒரு வண்டி கவுந்துச்சாம்... இரு, இது எங்க மச்சான் வூட்டாண்ட மாமு. அந்த ரோடு கலீஜான ரோடு." மச்சான் கதை பத்து நிமிடம் ஓடும். வண்டியில் இருந்தவர் பிழைத்தாரா என்பது எனக்குக் கடைசி வரை தெரியாது. தலையங்கம் படி என்றால், "அதுல இன்னா கீது? எழுதுனவனுக்கே புரியாது" என்று மடித்துவிடுவான். எனக்குத் தலை கொதிக்கும். கண் போனவனுக்குக் கோபம் சும்மாவே வரும், அவன் அதற்கு விறகு வைத்தான்.

அப்போதுதான் மருத்துவமனையில் ஆலோசனை சொல்லும் பெண் ஒரு எண் கொடுத்தாள். பார்வை இல்லாதவர்களுக்குத் தொலைபேசியில் செய்தித்தாள் வாசிக்கும் சேவை. தன்னார்வலர்கள் தங்கள் வீட்டிலிருந்தே படித்துப் பதிவு செய்கிறார்கள். எண்ணை அழைத்தால் ஒரு குரல் வழி சொல்லும். ஒன்றை அழுத்தினால் தலைப்புச் செய்திகள், இரண்டில் மாவட்டம், மூன்றில் தலையங்கம், நான்கில் விளையாட்டு. ஒன்பதை அழுத்தி நம் கருத்தைப் பேசிவைக்கலாம். பட்டன் போனில் ஐந்தின் மேல் ஒரு சின்னப் புள்ளி இருக்கிறது, அத்தனை வருடம் அது எதற்கு என்றே எனக்குத் தெரியாது. அதைக் கட்டைவிரலால் தொட்டு வைத்துக்கொண்டால் மற்ற எண்கள் தாமாக வந்துவிடும்.

முதல் நாள் மூன்றை அழுத்தினேன். தலையங்கம் முழுதாக, தொடக்கம் முதல் முடிவு வரை, ஒரு பெண் படித்தாள். புரியவில்லை என்றால் திரும்பவும் மூன்று. யாரையும் கேட்க வேண்டாம், யாருக்கும் காத்திருக்க வேண்டாம். அன்று எனக்கு அழுகை வந்தது. பிறர் கையை எதிர்பார்க்காமல் நான் ஒரு காரியம் செய்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது.

ஒரு வாரம் கழித்து, டில்லி இரங்கல் பக்கத்தை விரித்தபோது சொல்லிவிட்டேன்.

"நாளையிலேருந்து நீ வர வேணாம் டில்லி. போன்ல சுத்தமா படிக்கிறாங்க. நடுவுல பேசறது இல்ல."

பேப்பரை மடிக்கும் சத்தம் கேட்டது.

"சரி மாமு. எனுக்குப் பேசிக்கினே படிச்சாத்தான் வரும்" என்றான். வழக்கமாகப் பேப்பரை என் நாற்காலியில் வைத்துவிட்டுப் போவான். அன்று எடுத்துக்கொண்டு போனான்.

பத்து நாளில் இடது கண்ணுக்கு அறுவை. விட்ரெக்டமி (கண்ணுக்குள் இருக்கும் கூழையும் கசிந்த ரத்தத்தையும் எடுத்துவிட்டு, விலகிய விழித்திரையை ஒட்டவைப்பது). உள்ளே வாயு நிரப்புவார்கள். வாயு மேலே எழும்பி விழித்திரையை அழுத்திப் பிடிக்க வேண்டும் என்றால் நோயாளி முகம் கவிழ்ந்தே கிடக்க வேண்டும். பத்து நாள். சாப்பிட, கழிப்பறைக்குப் போக, மருந்து ஊற்ற மட்டும்தான் எழலாம், அப்போதும் குனிந்த தலை நிமிரக் கூடாது. அந்த அனுபவம் வரப்போகிறவர்களுக்கு: நெற்றிக்கு ஒரு தலையணை, மார்புக்கு ஒரு தலையணை, கழுத்து வலிக்கும், மூக்கு அடைத்துக்கொள்ளும், மூன்றாம் நாளிலிருந்து பழகிவிடும்.

போனைத் தரையில், என் முகத்துக்கு நேர் கீழே வைக்கச் சொன்னேன். காலை எது மாலை எது என்பதை அந்தச் சேவைதான் எனக்குச் சொன்னது. புதிய பதிவு வந்தால் விடிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை படிக்கும் பெண்ணின் வீட்டில் குக்கர் விசில் அடிக்கும். அவள் நிறுத்தி, "மன்னிக்கவும்" என்று சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்வாள். பத்து நாளும் ஒரு செய்தி விடாமல் கேட்டேன். ஊரில் நடப்பது அத்தனையும் எனக்குத் தெரியும் என்று இருந்தேன்.

டில்லி பார்க்க வரவில்லை. கோபக்காரப் பயல் என்று நினைத்தேன். இருபத்தாறு வருடத்துப் பழக்கம், கண்ணை அறுத்துக் கிடக்கிறேன், ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று எனக்கும் கோபம். நாமாக அழைப்பதா என்று ஒரு வீம்பு வேறு.

ஐந்தாம் நாள் என் மனைவி தேவகி, மகள் வீட்டுக்கு என்று காலையில் போனவள் மதியம்தான் வந்தாள். பக்கத்து வீட்டம்மா சோறு கொடுத்தாள். தேவகி வந்து மருந்து எடுக்கக் குனிந்தபோது அவள் கூந்தலிலிருந்து என் பிடரியில் தண்ணீர் சொட்டியது.

"இந்த நேரத்துல குளிச்சியா?"

"ஒரே வேர்வைய்யா."

நானும் விட்டுவிட்டேன். தெருவில் எந்த வீட்டுப் பெண் மதியத்தில் தலைக்குக் குளித்துவிட்டு வந்தாலும் எங்கே போய் வந்தாள் என்று சொல்லிவிடக்கூடியவன் நான். அன்று தோன்றவில்லை.

கட்டு பிரித்த பிறகு தெரிந்தது: எழுத்து திரும்பாது. வெளிச்சமும் நிழலும் தெரியும், ஆள் நிற்பது தெரியும், முகம் தெரியாது. இவ்வளவு காப்பாற்றியதே பெரிது என்றார் டாக்டரம்மா. நான் இன்னும் கொஞ்சம் எதிர்பார்த்திருந்தேன்.

இரண்டாம் வாரக் கடைசியில் டீக்கடைக்குப் போக அனுமதி கிடைத்தது. வீட்டு வாசலிலிருந்து நாற்பத்திரண்டு அடி. தெருமுனையில் திரும்பும் இடம்தான் சிக்கல். அங்கே புதிதாக ஒரு மூங்கில் கம்பு நட்டிருந்தது கையில் பட்டது. அதைப் பிடித்து வலது பக்கம் திரும்பினால் பாய் கடை.

"அந்தக் கம்பு வேணாம், செவுத்தைப் புடிச்சிக்கினு வா" என்றாள் தேவகி.

"செவுரு மேடு பள்ளமா கீது. கம்புதான் புடிக்க வாட்டம்" என்றேன்.

மறுநாளிலிருந்து தனியாகவே போனேன். கம்பைப் பிடித்து நின்று மூச்சு வாங்குவேன். கம்பின் மேல் என்னவோ வெள்ளையாக, அகலமாகத் தெரிந்தது. எங்கள் பகுதியில் பேனருக்கா பஞ்சம். "டில்லி வந்தானா பாய்?" என்று அங்கிருந்தே கேட்பேன். "இன்னும் வர்ல நைனா" என்பார் பாய். கடையில் எல்லோரும் அமைதியாகிவிடுவார்கள். என் கண்ணைப் பார்த்துச் சங்கடப்படுகிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். ஒருநாள் வீம்பை விட்டு டில்லியின் எண்ணுக்கு அடித்தேன். ஸ்விட்ச் ஆஃப். "போனை அணைச்சு வெச்சிக்கினு கீறான் பாரு, எவ்ளோ கொழுப்பு" என்று அந்தக் கம்பைப் பிடித்துக்கொண்டே எல்லோர் காதிலும் விழத் திட்டினேன்.

ஆறாம் நாள் காலை அங்கே இரண்டு பேர் நின்றார்கள்.

"நைனா, கொஞ்சம் கைய எடு. பேனரைக் கயட்டணும்."

"யாரு பேனரு?"

"டில்லி அண்ணன்து. பதினாறு முடிஞ்சிருச்சே."

சட்டென்று சொல்லிவிட்ட அந்த இரண்டு பேர் மேல் தப்பில்லை. மூன்று ஆள் அகலத்துக்கு அவன் முகம் போட்டு, டீக்கடை ஆட்கள் வைத்த கண்ணீர் அஞ்சலி பேனர் அது. அதைத் தினமும் பிடித்துக்கொண்டு நிற்பவனுக்குத் தெரியாது என்று யார் நினைப்பார்கள். எங்கள் பக்கம் சாவை வாயால் சொல்வது குறைந்துவிட்டது, பேனர் சொல்லிவிடும்.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பாய் தண்ணீர் கொண்டுவந்தார். நான் கவிழ்ந்து கிடந்த நான்காம் நாள் மாரடைப்பில் போயிருக்கிறான்.

வீட்டில் தேவகியைப் பிடித்து உலுக்காத குறை.

"தலய நிமித்தக் கூடாதுன்னு டாக்டரு சொன்னாங்க. சொல்லியிருந்தா நீ எந்திரிச்சு ஓடியிருப்பே" என்றாள்.

"ஓடித்தான் இருப்பேன்."

"அதான் சொல்லல. பாய்கிட்டயும் நான்தான் சொல்ல வேணாம்னேன். அப்புறம் சொல்லலாம்னா, நீ தெனம் அந்தக் கம்பப் புடிச்சிக்கினு நிக்கிறே. எனுக்கு வாய் வர்லய்யா."

கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு இன்னொன்றும் சொன்னாள். அறுவை அன்று டில்லி மருத்துவமனைக்கு வந்திருக்கிறான். நான் உள்ளே இருந்த நேரம் முழுதும் நடைவழியில் அவளோடு உட்கார்ந்திருக்கிறான். "கோவம்லாம் ஒண்ணும் இல்லம்மா. பேப்பர் படிக்க வேற ஆளு கெடச்சுது, டீ குடிக்க நான்தானே. எந்திரிச்சு வரட்டும்" என்றானாம்.

அதைக் கேட்டபின் இரண்டு நாள் நான் போனைத் தொடவில்லை.

மூன்றாம் நாள் அந்த எண்ணை அழைத்து ஒன்பதை அழுத்தினேன். என்ன பேசினேன் என்று முழுதாக நினைவில்லை. எல்லாம் படிக்கிறீர்கள், செத்தவர்களை ஏன் விட்டுவிடுகிறீர்கள் என்று கத்தியிருக்கிறேன். மாலையில் அழைப்பு வந்தது. குரலைக் கேட்டதும் தெரிந்தது, குக்கர் விசில் வீட்டுப் பெண்.

"விளம்பரம் எதையும் படிக்கிறதில்லைங்கிறது எங்க பழக்கம் சார். இரங்கலும் விளம்பரப் பக்கத்துல வர்றதால விட்டுட்டோம். தப்புதான்."

"அது விளம்பரம் இல்லம்மா. எங்களுக்கு அதுதான் முதல் செய்தி."

பெயரும் நாளும் கேட்டுக்கொண்டாள். பழைய பேப்பர்க் கட்டுக்குள் தேடும் சத்தம் கேட்டது. பிறகு வாசித்தாள். பெயர், வயது, காத்திவாக்கம், பதினாறாம் நாள் காரியம் நடக்கும் இடம், துயரத்தில் வாடும் மனைவி, மக்கள், உடன் வேலை செய்தவர்கள். எல்லாம் நான் ஒரு செய்தி விடாமல் கேட்டுக் கிடந்த அதே நாளின் பேப்பர். சுத்தமாகப் படித்தாள். நடுவில் ஒரு வார்த்தை பேசவில்லை. யாராவது பேசினால் தேவலை என்று எனக்கு இருந்தது.

இப்போது ஐந்தை அழுத்தினால் இரங்கல் செய்திகள். புள்ளி வைத்த எண். காலையில் என் விரல் முதலில் அங்கேதான் போகிறது. தலையங்கம் அப்புறம்.

உடம்பு வேறாகிவிட்டது. தலை இன்னும் கொஞ்சம் குனிந்தே நடக்கிறேன், பழகிவிட்டது. நேரமும் வேறாகிவிட்டது. முன்பெல்லாம் காலை என்பது டில்லிக்கு முன், டில்லிக்குப் பின். இப்போது புதிய பதிவு வரும் வரை ஒன்று, அதன் பிறகு ஒன்று. போன் இல்லாவிட்டால் நான் கிணற்றுக்குள் இருப்பேன், அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனால் யாரையும் கேட்க வேண்டியதில்லை என்று பெருமைப்பட்டேனே, அந்தப் பெருமையை விட்டுவிட்டேன். கேளுங்கள். வெட்கம் பார்க்காமல், கையில் படுவதையெல்லாம் இது என்ன, இது யார் என்று கேளுங்கள்.

போன வாரம் தெருமுனையில் மறுபடியும் ஒரு கம்பு கையில் பட்டது. பிடிக்கவில்லை. நின்று கேட்டேன்.

"யாரு பாய்?"

பாய் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு வந்தார். "சாவு இல்ல நைனா, காதுகுத்து. நம்ம மேஸ்திரி பேரனுக்கு. இரு, படிக்கிறேன்... வண்ணாரப்பேட்டை மண்டபத்துல வெச்சிக்கீறாங்க. அந்த மண்டபத்துல சோறு பேஜாரா இருக்கும் நைனா, போன மாசம் நான் போயி..." என்று மண்டபத்துக் கதையை ஆரம்பித்தார்.

எந்தத் தேதி என்று அவர் இன்னும் சொல்லவில்லை. நான் குறுக்கே பேசவில்லை. கம்பைப் பிடித்துக்கொண்டு, அவர் கதையை முடிக்கும் வரை நின்றேன்.