மூன்றாவது மணி

வேலம்பாளையத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு கம்ப்யூட்டர் பலகை நடத்திவந்தேன். போன் போட்டால் மோடம் எடுக்கும். கூப்பிட்டவர் தன் கம்ப்யூட்டரிலிருந்தே மற்றவர்கள் எழுதியதைப் படித்து, தானும் நாலு வரி எழுதிவிட்டுப் போகலாம். பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்த ஒரு தெற்கத்திப் பெண், காதில் விழும் பேச்சையெல்லாம் அதில் எழுதுவாள். "எங்க சூப்பர்வைசர் சிரிச்சா எங்கயோ ஓட்டை பீஸ் கெடைச்சிருக்குன்னு அர்த்தம்." அவள் எழுதினால் எனக்கு அன்றைய சோறு இறங்கும்.

காய்ச்சலில் போய்விட்டாள். ஆறு மாதம் கழித்து அவள் கணவர் ஊருக்கே திரும்புவதாகச் சொல்ல வந்தார்.

"அவங்க எழுதுனதைச் சிடில போட்டுத் தரட்டுங்களா?"

"வேண்டாம்ணே. அவ பேருல ஒரு தடவை உள்ள போகணும். பலகை அவ பேரைச் சொல்லி வாங்கன்னு கூப்பிடும்லா, அதைப் பாத்துட்டுப் போயிருதேன்."

"இங்கயே உக்காந்து பாருங்க."

"அவ வெளிய இருந்துதான கூப்பிடுவா."

மோடம் அதற்கு முன்பே இடியில் கருகியிருந்தது. மென்பொருளிலேயே ஒரு பொய் மோடம் வைத்தேன். இன்டர்நெட்டில் வருகிறவரைப் போனில் வருகிறவராகக் காட்டும். பழைய புரோகிராமுக்கு, மோடம் செருகும் காம் இரண்டு என்ற போர்ட் தவிர எதுவும் தெரியாது. நிஜ சீரியல் போர்ட்டை அணைத்து, அந்த எண்ணைப் பொய் போர்ட்டுக்குக் கொடுத்தேன். மற்ற செட்டிங் எல்லாம் முன்பு எழுதிவைத்த தாளைப் பார்த்து அப்படியே. மூன்றாவது மணிக்கு எடு என்பதும் அந்தத் தாளில் இருந்தது. வீட்டுக்கும் பலகைக்கும் ஒரே லைன் என்பதால் வைத்த கணக்கு அது. எங்கள் பக்கம் ஒரு மணி அடித்து நிறுத்தினால் கிளம்பிவிட்டேன், வந்துவிட்டேன் என்று சேதி. யாரும் எடுக்க மாட்டார்கள்.

சனிக்கிழமை ஐந்து மணிக்குப் பல்லடத்தில் ஒரு பிரவுசிங் சென்டரிலிருந்து வருவதாகச் சொல்லியிருந்தார். ஆறரைக்கு அவருக்கு ஊர் பஸ். திரையில் மணி அடித்ததாக ஒரு வரி விழுந்தது. நின்றது. சென்டருக்கு வந்துவிட்டாராக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மறுபடி ஒன்று விழுந்து நின்றது. உட்கார இடம் கிடைக்கவில்லை போல.

"ஏனுங்க, வந்துட்டாருங்களா?" என்றாள் மனைவி.

"வந்துட்டே இருக்காரு."

இன்னொரு முறையும் அப்படியே ஆனது. ஆறேகாலுக்கு வீட்டுப் போன் அடித்தது.

"எண்ணே, கறுப்பாவே நிக்கு. உள்ள விட மாட்டேங்கு. பஸ்ஸு வந்துட்டு."

பொய் மோடம் ஒருவர் வந்தால் ஒரே மணிதான் அடிக்கும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. "மூணாவது மணிக்குத்தானுங்க எடுக்கும். அதை மாத்தாம உட்டுட்டனுங்க. தப்பு என்னுதுங்க."



"பரவால்லண்ணே. ஷிப்டு முடிஞ்சா அவளும் ஒத்த ரிங்குதான் விடுவா. நானும் ஒரு நாளும் எடுத்ததில்ல."

போனை வைத்துவிட்டு மூன்றை ஒன்றாக மாற்றினேன். பக்கத்துக் கம்ப்யூட்டரிலிருந்து நானே கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்து, பெயர் என்ன என்று கேட்டது. நான் ஒன்றும் அடிக்கவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்து அதுவே துண்டித்துக்கொண்டது.