தனிப் பானை

செல்லத்துரை அண்ணாச்சியிடம் வாடகை சைக்கிள் எடுப்பவன் முதலில் அவர் வம்சப் பெருமையைக் கேட்டாக வேண்டும். வெள்ளைக்காரன் காலத்தில் பருத்தி வியாபாரிகளுக்கெல்லாம் பணம் புரட்டிக் கொடுத்த உண்டியல்கடை மந்திரமூர்த்தி அவருடைய பூட்டனாம். கடைப் பலகையிலும் அந்தப் பெயர்தான். பக்கத்தில் டீக்கடை வைத்திருந்த எனக்குக் கேட்டுக் கேட்டுக் காது புண்ணாகிவிட்டது.

எழுபத்தெட்டாம் வருஷம் அவர் மகள் செண்பகவல்லிக்கு ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை ராஜமணி, மில்லில் பிட்டர். கொழும்பிலிருந்து திரும்பி வந்த குடும்பம். பெண்ணுக்கும் அவனைப் பிடித்துப்போனது. தட்டு மாற்றப் போகிற நேரத்தில் நம்மவர் சும்மா இராமல் பூட்டனை இழுத்தார்.

மாப்பிள்ளையின் அப்பா தங்கச்சாமி தட்டைக் கீழே வைத்துவிட்டார். "நாங்களும் அவிய வம்சந்தான் அண்ணாச்சி. அப்பம் நாம பங்காளில்லா? பிள்ளைய ரெண்டும் அண்ணன் தங்கச்சி முறையால்லா ஆகுது!"

மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போய்விட்டார்கள். செண்பகவல்லி அப்பாவோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள். வாயால் கெட்டாரே என்று எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று அவருக்கு டீ கொடுக்கவில்லை.

தங்கச்சாமி பெண்வழி வாரிசாக இருந்துவிட்டால் முறை மாறிவிடும் என்று அண்ணாச்சிக்கு ஒரு நப்பாசை. விசாரிக்க என்னையும் கூட்டிக்கொண்டு நாகலாபுரம் பஸ் ஏறினார். அங்கே குலதெய்வக் கோவில் பூசாரி சிவனாண்டி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தயங்கினார்.

"தங்கச்சாமி அசல் ஆண்வழிதான். கொடைத் திருவிழாவுக்குப் பங்காளிக எல்லாரும் ஒரே பானையில அரிசி போட்டுப் பொங்குவாக. உங்க வீட்டுக்கு மட்டும் ஏன் தனிப் பானைன்னு நெனைச்சிய?"

"மூத்த வழிங்கிற மரியாதைக்கு."

"இல்ல அண்ணாச்சி. ஒங்க பூட்டன் மந்திரமூர்த்திக்கு வண்டி ஓட்டுனவரு. அவிய பணத்த ஊரு ஊருக்குக் கொண்டு சேத்தவரு. எங்க சாமியவே நீயும் கும்பிடுன்னு அவிய வைக்கச் சொன்ன பானை அது."

"இத்தன வருசமா ஏம்யா சொல்லல?"

"நீங்க சொல்லிக்கிட்டே இருந்தீய. கேக்கவே இல்லையே."

பஸ்ஸில் திரும்பினோம். பூசாரி சொன்னதை மூடி மறைத்தால் பூட்டன் மிஞ்சுவார், மகள் கல்யாணம் போய்விடும். இந்த மனுஷன் மறைத்துவிடுவார் என்றுதான் நான் நினைத்தேன்.

எங்கள் ஊர் கோவில்பட்டியில் இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல் நேரே தங்கச்சாமி வீட்டு வாசலில் போய் நின்றார். "நாம பங்காளி இல்ல. ஒங்க பூட்டனுக்கு எங்க பூட்டன் வண்டிக்காரரு" என்றார். குரல் உடைந்தது.

தங்கச்சாமி எழுந்து வந்து அவர் கையைப் பிடித்தார். "அப்பம் முறை சரியாப் போச்சு. உள்ள வாங்க சம்பந்தி."

மறுநாளே அண்ணாச்சி கடைப் பலகையில் மந்திரமூர்த்தி பெயர்மேல் பெயிண்ட் அடித்துவிட்டார்.

அடுத்த கொடைக்கு நானும் போயிருந்தேன். மந்திரமூர்த்தி வீட்டு மருமகளாகச் செண்பகவல்லி பொதுப் பானையில் அரிசி போட்டாள். கொஞ்சம் தள்ளித் தன் பானைக்கு விறகைத் தள்ளிக்கொண்டிருந்த அண்ணாச்சி, அதைக் கண் கலங்கப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்றவரைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க பூட்டன் ஓட்டுன வண்டியில ஒரு பண முடிச்சு களவு போனதில்ல, தெரியுமா?"